சிலைக்கு ஒரு கைக்கடிகாரம்

கணவர் காட்டுக்குப் போவதில் டீச்சருக்கு ஆட்சேபணையே கிடையாது. திரும்பி வருவதில்தான் தகராறு.

அவர் நீர்நாய்களைக் கவனித்துக் குறிப்பெடுக்கும் ஆராய்ச்சியாளர். செல்போன் கோபுரம் எட்டிப் பார்க்காத காட்டில், ஆற்றங்கரையில் இலைதழை போர்த்திய ஒரு மறைப்புக்குள் பகல் முழுக்க அசையாமல் உட்கார்ந்திருப்பார். அசைந்தால் நீர்நாய் தண்ணீருக்குள் போய்விடும். அசையாமல் இருப்பதில் அவர் பெரிய கில்லாடி. அலுவலகத்தில் அவருக்கு 'சிலை' என்றே பெயர். டீச்சரின் நாத்தனார் இன்னும் ஒரு படி மேலே போய், "சின்ன வயசுல கண்ணாமூச்சி ஆடினா, இவனைத் தேடறதையே விட்டுட்டு நாங்க சாப்பிடப் போயிடுவோம். அவன் பாட்டுக்கு அங்கேயே இருப்பான்" என்பாள்.

டீச்சரோ விளையாட்டு ஆசிரியை. கழுத்தில் விசில், கையில் ஸ்டாப் வாட்ச், காலில் சக்கரம். பேருந்தில் இடம் கிடைத்தாலும் நின்றுகொண்டே வருகிற பிறவி. பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறித்தான் ஆக வேண்டும் என்பார்கள். சிலைக்கு வாழ்க்கைப்பட்டால்? "அப்பப்போ தூசி தட்டணும்" என்று ஆசிரியர் அறையில் சொல்லிச் சிரிக்க வைப்பாள்.

ஆனால் போன தடவை நடந்ததைச் சொல்லி யாரையும் சிரிக்க வைக்க அவளால் முடியவில்லை. காட்டுக்குள் செல்போனில் சார்ஜ் தீர்ந்துபோனது, அவருடைய பேட்டரி வாட்சும் சொல்லாமல் கொள்ளாமல் செத்துப்போனது. திரும்புகிற நாளன்று படகு பகல் பன்னிரண்டுக்குத் துறைக்கு வரும். அரை மணிக்கு மேல் நிற்காது, தண்ணீர் இறங்கிவிட்டால் அடியில் பாறை தட்டும். அன்றைக்கு வானம் மூடிக்கிடந்தது. சூரியனைப் பார்த்து மணி சொல்லலாம் என்று நினைத்த மனுஷர் கோட்டை விட்டார். படகு வெறுமனே திரும்பியது. ஆற்றின் வளைவைத் தாண்டி சிக்னல் கிடைத்ததும் படகுக்காரர் போன் செய்தார்.

"அம்மா, சார் துறைக்கு வரலை."

அடுத்த படகு போக இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் டீச்சர் வழக்கம்போலப் பள்ளிக்குப் போனாள். பெண்களை மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டாள், விசில் ஊதி நிறுத்த மறந்துபோனாள். அவர்கள் ஓடிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் ஒருத்தி மூச்சு வாங்க வந்து நின்று, "டீச்சர், போதுமா?" என்று கேட்டாள். அவ்வளவு பயந்துபோயிருந்தாள் டீச்சர்.

அவர் தாடியும் புகை நாற்றமுமாக வீட்டுக்கு வந்து நின்று சொன்ன முதல் வார்த்தை, "பசிக்குது." டீச்சர் சாப்பாடு போட்டாள். பிறகு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அது அவருக்குத் தெரியாது.

இப்போது நீர்நாய் குட்டி போட்டிருக்கிறதாம். குட்டிகளைக் கரைக்கு அழைத்துவந்து நீந்தப் பழக்கும் காலம் இதுதானாம். விட்டால் அடுத்த வருஷம். அவர் சொன்னபோது கண் இரண்டும் பளபளவென்று இருந்தன. அதைப் பார்த்த பிறகு, 'போகாதீங்க' என்று சொல்ல டீச்சருக்கு மனசு வரவில்லை. அதற்காக வாயை மூடிக்கொண்டிருக்கவும் வரவில்லை.

"நிக்காத வாட்ச் ஒண்ணு கிடைச்சா போங்க. பேட்டரிங்கற பேச்சே வேண்டாம். கிடைக்கலைன்னா வீட்டுல இருங்க. உங்க நீர்நாய்க் குட்டி நீங்க பாக்காட்டியும் நீந்தக் கத்துக்கும்."

கடிகாரக் கடைக்காரர் வாயாடி. பேட்டரி இல்லாமல், தண்ணீருக்கும் சேற்றுக்கும் அசராத வாட்ச் வேண்டும் என்றதுமே தட்டுத் தட்டாக எடுத்து அடுக்கினார். டீச்சர் அணிக்கு ஆள் எடுப்பதுபோல ஒவ்வொன்றாகப் பரீட்சை வைத்தாள். ஸ்ட்ராப்பை முறுக்கி இழுத்தாள். ரேடியம் முள் இருட்டில் தெரிகிறதா என்று துப்பட்டாவால் மூடி உள்ளே தலையை விட்டுப் பார்த்தாள். ஒன்றை எடுத்துத் தரையில் போடட்டுமா என்று கேட்டாள். கடைக்காரர் சட்டென்று அதைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

"இதைப் பாருங்கம்மா. ஆட்டோமேட்டிக். கை ஆட ஆட அதுவா சாவி ஏறிக்கும். உள்ள ஒரு சின்ன எடை இருக்கு, அது சுத்திக்கிட்டே இருக்கும். திருகவும் வேண்டாம், ஞாபகம் வெச்சுக்கவும் வேண்டாம். மனுஷன் உயிரோட இருந்தா வாட்ச் ஓடும்."

அந்தக் கடைசி வாக்கியத்தில் டீச்சர் விழுந்தாள். கனமான எஃகு உடம்பு, தடித்த கண்ணாடி. அவர் கையில் கட்டிப் பார்த்தபோது காட்டுக்காரர் கை மாதிரியே இருந்தது. வாங்கிவிட்டார்கள்.

ஆனாலும் ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று அனுப்ப அவள் தயாராக இல்லை. முதலில் வீட்டிலேயே வெள்ளோட்டம். பின்னறையில் ஜன்னலோரமாக உட்கார்ந்து, காட்டில் எப்படி இருப்பாரோ அப்படியே இருக்கச் சொன்னாள். அவருக்கு அல்வா சாப்பிடக் கூலி கொடுத்த மாதிரி. எதிர்ச் சுவரில் கூடு கட்டிக்கொண்டிருந்த குளவியைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார்.

கல்யாணமான நாள் முதல் காலையில் கண் விழித்ததும் அவர் முதலில் கேட்பது "மணி என்ன?" என்பதுதான். எதிரே சுவரில் கடிகாரம் தொங்கும். பார்க்க மாட்டார், கேட்பார். மறுநாள் காலையில் கையிலேயே வாட்ச் கட்டியிருந்தும் கேட்டார்.

"கையில என்ன கட்டியிருக்கீங்க, கயிறா?"

அவர் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார். "ரெண்டே கால்."

வெளியே காலை வெயில். வாட்ச் நின்றுபோயிருந்தது.

டீச்சர் அன்று மாலையே கடைக்குள் புயலாக நுழைந்தாள். கடைக்காரர் வாட்சை ஒரு சுற்றும் இயந்திரத்தில் மாட்டினார், ஓடியது. மறுநாளும் ஓடியது. டீச்சர் அதைத் தன் கையில் கட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனாள். குதிரைபோல ஓடியது. திரும்ப அவர் கையில் கட்டினாள். இரண்டாம் நாள் நின்றது.

இந்த முறை கடைக்காரருக்கே ரோஷம் வந்துவிட்டது. "சாரையே கூட்டிட்டு வாங்கம்மா. என்னதான் பண்றார்னு பாத்துடலாம்."

கூட்டிவந்தாள். ஒரு முக்காலியைப் போட்டு, "வேலையில இருக்கற மாதிரி உக்காருங்க சார்" என்றார் கடைக்காரர். அவர் உட்கார்ந்தார். தெருவைப் பார்த்தார். அவ்வளவுதான். கடைக்காரர் இரண்டு பேருக்கு வியாபாரம் முடித்தார். மூன்றாவதாக வந்த அம்மாள் அவரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அசல் மனுஷன் மாதிரியே பண்ணியிருக்காங்க. எந்த வாட்ச் கம்பெனி வெச்சது?" என்று விசாரித்தாள். சிலை திரும்பி அவளுக்கு வணக்கம் சொன்னது. அந்த அம்மாள் போட்ட கூச்சலுக்குப் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

டீச்சர் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "இத்தனை வருஷமா நான் சொன்னா யாரும் நம்பலை. இப்ப வாட்சே சாட்சி சொல்லிடுச்சு."

"தப்பு என்னோடதுதான்மா" என்றார் கடைக்காரர். "சார் என்ன வேலை பாக்கறார்னு கேக்காம வித்துட்டேன். காட்டுக்குப் போறவர்னா ஓடுவார், ஏறுவார்னு நினைச்சேன். கையே ஆடலைன்னா அது எங்கேருந்து ஓடும்? இந்த மாடல்ல திருகி சாவி குடுக்கவும் வழி கிடையாது."

அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு, அலமாரியின் அடித்தட்டிலிருந்து வேறொன்றை எடுத்தார். அதுவும் எஃகுதான், ஆனால் அடக்கமானது. பக்கத்தில் கைக்குப் பிடிபடுகிற மாதிரி பெரிய திருகு. "இது சாவி குடுக்கறது. தண்ணி, சேறு, அடி எல்லாம் தாங்கும். காலைல ஒரு தடவை இறுகற வரைக்கும் திருகிட்டா, மறுநாள் காலை தாண்டியும் ஓடும். மறந்தாத்தான் நிக்கும்."

டீச்சரின் சிரிப்பு அந்த இடத்தில் நின்றது. மறந்தால் நிற்கும். அடுப்பில் பால் வைத்ததை மறக்கிற ஆள். ஒரு தடவை மனைவியையே புத்தகக் கடையில் மறந்துவிட்டு வீட்டுக்கு வந்து, கதவை யார் திறப்பார்கள் என்று வாசலில் காத்திருந்த ஆள்.

"வேண்டாங்க" என்றாள். குரல் இறங்கிப்போயிருந்தது. "இவர் மறந்துடுவார். எனக்கு அந்த ரெண்டு நாள் இன்னொரு தடவை வந்தா தாங்காது. நான் செத்தே போயிடுவேன்."

இப்படி அவள் ஒருநாளும் சொன்னதில்லை. முக்காலியில் இருந்தவர் திரும்பி அவளைப் பார்த்தார்.

கடைக்காரர் சமாதானமாக, "தினமும் தவறாம செய்யற வேலை ஏதாவது இருந்தா அதோட சேத்துக்கலாம்மா. பல் தேய்க்கற மாதிரி" என்றார்.

"காட்டுல பல் தேய்க்கறாரான்னு எனக்கே சந்தேகம்."

"ஒண்ணு இருக்கு" என்றார் கணவர். மெதுவாகத்தான் சொன்னார். "அங்கயும் எழுந்ததும் மணி என்னன்னு கேக்கறேன்."

"யாரை?"

"உன்னைத்தான்."

"நான் அங்க எங்க இருக்கேன்?"

"கேட்டப்புறம்தான் அது ஞாபகம் வரும்."

கடைக்காரர் ஏற்கெனவே பளிச்சென்று இருந்த கண்ணாடியை மும்முரமாகத் துடைக்கத் தொடங்கினார். டீச்சர் கணவரையே பார்த்தாள். யாரும் இல்லாத காட்டில், இலைதழைக்குள் படுத்துக்கொண்டு, இந்த மனுஷர் கண்ணை மூடியபடி தன்னை மணி கேட்டுக்கொண்டிருக்கிறார். இத்தனை வருஷத்தில் இதைச் சொல்லவே இல்லை.

"ஒரு நாளாவது கேக்காம இருந்திருக்கீங்களா?"

"இல்லை."

அவள் வாட்சை எடுத்து அவர் கையில் கட்டினாள். ஸ்ட்ராப்பை ஒரு துளை இறுக்கினாள். பிறகு புதிதாகச் சேர்ந்த மாணவிக்கு விதி சொல்வதுபோல ஒரு விரலை நீட்டினாள்.

"எழுந்ததும் கேளுங்க. பதில் வராது. பதில் வரலைன்னா சாவி குடுக்கணும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது டீச்சர்."

அவர் போன பிறகு வீடு ஓசையில்லாமல் கிடந்தது. காலையில் அவள் விழித்ததும் கட்டிலின் அந்தப் பக்கத்திலிருந்து கேள்வி வருகிறதா என்று ஒரு கணம் காது கொடுப்பாள். முதல் நாள் சும்மா எழுந்துவிட்டாள். இரண்டாம் நாள், "ஆறாகுது, எழுந்திருங்க" என்று தலையணையிடம் சொன்னாள். சொன்ன பிறகு வெட்கமாக இருந்தது. இருந்தாலும் அதற்கப்புறம் தினமும் சொன்னாள். யார் பார்க்கப் போகிறார்கள்.

திரும்புகிற நாள் வந்தது. வானம் அன்றைக்கும் மூடிக்கொண்டு நின்றது. அதற்கு வேறு நாளே கிடைக்கவில்லை. பன்னிரண்டு அடித்தது. பன்னிரண்டரை ஆனது. படகு துறையை விட்டிருக்கும், வளைவைத் தாண்ட இன்னும் நேரம் பிடிக்கும். டீச்சர் மைதானத்தின் ஓரத்தில் நடையாய் நடந்தாள். பெண்கள் பந்தை உருட்டிக்கொண்டே அவளை ஓரக்கண்ணால் பார்த்தார்கள்.

போன் அடித்தது. படகுக்காரரின் எண். போன தடவையும் இதே எண்தான். எடுத்தாள். மறுபக்கம் மோட்டார் சத்தமும் தண்ணீர் சத்தமும் கேட்டன.

"மணி என்ன?"

டீச்சர் அப்படியே மைதானத்துப் புழுதியில் உட்கார்ந்துவிட்டாள். டீச்சர் உட்கார்ந்து அந்தப் பெண்கள் பார்த்ததே இல்லை. பந்தை விட்டுவிட்டு ஓடிவந்தார்கள். அவள் கையை ஆட்டி ஒன்றுமில்லை என்று ஜாடை காட்டினாள், மறு கையால் கண்ணைத் துடைத்தாள்.

"ஒண்ணு இருபது" என்றாள்.

"என்னோடதுல ஒண்ணு பதினாறு."

"நாலு நிமிஷம் பின்னாடி இருக்கீங்க."

"இருக்கட்டும். படகுக்கு முன்னாடியே துறைக்கு வந்து உக்காந்துட்டேன். ஒரு நாள் கூட விடலை. கேட்டேன், பதில் வரலை, திருகிட்டேன். அப்புறம், மூணு குட்டி. வந்து சொல்றேன்."

சுற்றிலும் பெண்கள் வாய் பார்த்துக்கொண்டு நின்றார்கள். திட்டுவதற்கு எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தாள், ஒன்றும் வாய்க்கு வரவில்லை.

"சீக்கிரம் வாங்க" என்றாள். "நாளைக்குக் காலைல கேளுங்க. நான் சொல்றேன்."