வயிற்றுக்குத் தெரிந்தது

நாஷித் அண்ணனிடம் ஆண்டவர் நேரடியாகப் பேசுகிறார் என்று எகிப்தின் மின்யாவில் அந்தக் கிறிஸ்தவத் தெருவே நம்பியது. தெமியானாவும் நம்பியவள்தான். நம்பாமலா, புதன்கிழமையன்று அவரை வீட்டுக்கு அழைத்து, வெண்ணெய் வழியும் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தட்டு நிறைய வைத்தாள்? மனிதர் ஒரு துண்டு மிச்சம் வைக்கவில்லை.

கையைத் துடைத்த பிறகுதான் அவருக்குத் தரிசனம் வந்தது. கண்ணை மூடி, தெமியானாவின் மகள் யுஸ்தினாவின் தலையில் கை வைத்தார். பத்து வயதுப் பெண். மூன்று வருஷமாகச் சர்க்கரை நோய். இன்சுலின் ஊசி இல்லாமல் ஒரு நாள் தாங்காது.

"கர்த்தர் சொல்றார், இந்த ஊசி அவிசுவாசம். நாளையிலேருந்து மூணு நாள் பொண்ணு உபவாசம் இருக்கட்டும். தாயும் தகப்பனும் தினம் நூறு தடவை தரையில விழுந்து கும்பிடட்டும். சுகம் நிச்சயம். மருந்தை இப்பவே என் கையில கொடுங்க."

கூடியிருந்த அக்கம்பக்கத்தார் "ஆமென்" என்றார்கள். கணவன் அயாத் போய் ஃப்ரிட்ஜைத் திறந்தான். மகளுக்கு ஊசி போடும்போதெல்லாம் கூடவே அழுகிறவன். நல்லவன்தான், ஆனால் பயந்தாங்கொள்ளி.

போன வருஷம் ஊசி தவறிய ஒரே நாளில் பிள்ளை மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் கிடந்ததைத் தெமியானா மறக்கவில்லை. ஆனால் தீர்க்கதரிசி சொல்லை எப்படித் தட்டுவது? அப்போதுதான் காலித் தட்டு கண்ணில் பட்டது.

"அண்ணே, மத்த புதன்கிழமையில உபவாசம்னு பால் வெண்ணெய் தொடமாட்டோமே. இன்னிக்கு எப்படிச் சாப்பிட்டீங்க?"

"என்னம்மா கேள்வி இது? ஈஸ்டர் முடிஞ்சு அம்பது நாள் இன்னும் ஆகலையே. ஆண்டவர் உயிர்த்தெழுந்த சந்தோஷக் காலம். உபவாசம் இருக்கவே கூடாது, தரையில..."

தெமியானா விடவில்லை.

"தரையில விழவும் கூடாது. சொல்லுங்க, ஏன் நிறுத்திட்டீங்க? உங்க வயித்துக்குத் தெரிஞ்சது, உங்ககிட்டப் பேசுற கர்த்தருக்குத் தெரியலையா?"

பக்கத்து வீட்டு ஸகிய்யா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நாஷித்தின் முகம் கறுத்தது.

"கர்த்தர் நாள் கிழமைக்குக் கட்டுப்பட்டவர் இல்ல! என்னைச் சோதிச்சா சாபம் உன் பிள்ளை தலையில விழும்!"

அந்த நிமிஷம் வரை அவளுக்குள் கொஞ்சம் பயம் ஒட்டிக்கொண்டிருந்தது. பிள்ளையின் பேரை எடுத்ததும் அதுவும் போய்விட்டது.

"யாரு பிள்ளைக்குச் சாபம் விடுற? எங்க ஆண்டவர் நோயாளியைத் தேடிப் போனவர். மிரட்டி மருந்தைப் பிடுங்கினவர் இல்ல. உன்கிட்டப் பேசுறது யாருன்னு நீயே விசாரிச்சுக்கோ. என் வீட்டுல அவனுக்கு வேலையில்ல!"

அயாத் மருந்துக் குப்பியோடு நடுவில் நின்றான். நாஷித் கையை நீட்டியபடியே இருந்தார்.

"யுஸ்தினா அப்பா, அந்த மருந்து யாருக்கு?"

நாஷித் நீட்டிய கையை அயாத் பார்த்தான். பிறகு அதைச் சுற்றிக்கொண்டு நடந்து, மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். சாயங்கால ஊசிக்கு நேரமாகியிருந்தது. அத்தனை பேர் முன்னாலும் தெமியானா ஊசியைப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"இப்பச் சொல்லுங்க உங்க ஆமெனை."

முதலில் சொன்னவன் அயாத்.