ஒருபக்கமும் சாயாத வர்ணனை

விமலராஜைக் கதிரையிலை இருத்தி வைக்கிறதெண்டால் கயிறுதான் வேணும். லண்டனிலை பிறந்து, அங்கை ஒரு சின்ன உதைபந்தாட்டக் கழகத்துக்கு நடுக்களத்திலை ஓடித் திரிஞ்சவன். முழங்கால் போனபிறகு தமயந்தியைக் கலியாணம் முடிச்சுப் இத்தாலியிலை பலெர்மோவுக்கு வந்து, அங்கை பிரான்காச்சோ எண்ட பகுதியின்ரை தமிழ் ரீமுக்கு மனேச்சரானான். இத்தாலிக்காரரோடை விளையாடேக்கை கோட்டோரம் நிண்டு தமிழிலை தொண்டை கிழியக் கத்துவான். எதிர்ப்பக்கத்துக்கு ஒரு சொல்லும் விளங்காது. என்ன பிரயோசனம்? தன்ரை பொடியளே சொல்லுக் கேக்கிறாங்களில்லையெண்டு வீட்டை வந்து புலம்புவான். போன வருசம் கோவம் தலைக்கேறி மைதானத்துக்குள்ளையே பாய்ஞ்சிட்டான். கழகத் தலைவர் சோதிலிங்கம் அண்டைக்கே வேலையைப் பறிச்சார்.

இந்த வருசம் தமிழ் ரீமுகள் மட்டும் ஆடுற போட்டிக்கு வர்ணனை சொல்ல ஆளில்லை. சோதிலிங்கம்தான் வந்து கேட்டார், ஒரு நிபந்தனையோடை. கடைசி விசில் ஊதுமட்டும் கதிரையிலை இருந்து ஒருபக்கமும் சாயாமல் கதைச்சால், மனேச்சர் வேலை திரும்பக் கிடைக்கும். ஐயோ, அந்த வேலைக்காக அவன் என்னத்துக்குத்தான் தலையாட்டியிருக்கமாட்டான்!

பிரான்காச்சோவுக்கும் பக்கத்து ஊர் பகேரியாவுக்கும் இறுதியாட்டம். கோல் இல்லை. விமலராஜ் நல்லபிள்ளையா ரெண்டு பக்கத்தையும் புகழ்ந்தான், மத்தியானச் சாப்பாடு தந்தவைக்கு நன்றி சொன்னான். ஆனால் மேசைக்குக் கீழை கால் ரெண்டும் தன்பாட்டிலை பந்தடிச்சுக்கொண்டிருந்துது. பக்கத்திலை இருந்த தமயந்தி அவன்ரை துடையை அமத்திப் பிடிச்சிருந்தாள். சேட்டு முதுகோடை ஒட்டிப்போச்சு.

முடியப்போற நேரம், பிரான்காச்சோவின்ரை பின்காவல்காரன் அருண்பிரசாத், இஞ்சை ஆராய்ச்சி செய்யவந்த பொடியன், கோல் அடிக்கிற ஆசையிலை முன்னுக்கு ஓடிட்டான். பந்து பகேரியாவின்ரை காலுக்குப் போச்சு, அருண் நிண்ட இடத்திலை வெறும் புல்லு. விமலராஜ் தமயந்தியின்ரை கையைத் தட்டிவிட்டு எழும்பிட்டான்.

“டேய், அருணின்ரை பக்கம் வெறுமையாக் கிடக்கு! ஓடுங்கோடா அங்கை!”

கையிலை மைக். ஒலிபெருக்கி அதை மைதானம் முழுக்கச் சொல்லிச்சு. தன்ரை பொடியளிலை ஒருத்தனும் திரும்பேல்லை. பகேரியாப் பொடியளும் தமிழ்ப் பிள்ளையள்தானே, கேட்ட உடனை பந்தை அங்கை தள்ளினாங்கள், ஓடினாங்கள். கோல். அதோடை விசிலும் ஊதியாச்சு.

சோதிலிங்கம் வந்து மைக்கை வாங்கி, வென்ற ரீமின்ரை பேரைத் தானே சொன்னார். விமலராஜின்ரை முகத்தை அவர் பாக்கேல்லை. மனேச்சர் வேலை போனது போனதுதான். பகேரியாக் கப்டன் வேறை வந்து கையைக் குலுக்கி நன்றி சொல்லிப்போட்டுப் போனான். வெக்கத்திலை ஆளுக்குக் கண் கலங்கீட்டுது.

தமயந்தி கதிரையை மடிச்சாள்.

“விடுங்கோப்பா,” எண்டாள். “இண்டைக்குத்தான் ஒரு ரீம் உங்கடை சொல்லைக் கேட்டிருக்கு.”