சொட்டு மருந்தும் ரெங்கசாமி மச்சானும்

உதயனுக்கு முடி கொட்டத் தொடங்கியபோது வயது இருபத்திரண்டு. முதலில் நெற்றியின் இரண்டு ஓரங்களும் உள்வாங்கின. பிறகு உச்சியில் ஐம்பது காசு அளவுக்கு ஒரு வெளிச்சம் தெரிந்தது. இருபத்தாறு வயதாவதற்குள் அந்த வெளிச்சம் தேநீர்க் கோப்பையின் வாயளவுக்கு அகன்றுவிட்டது.

வேலை நேரத்தில் அது யாருக்கும் தெரியாது. மலையூரான கம்போங் ராஜாவுக்குப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலையில், தூளைச் சலித்துத் தரம் பிரிக்கும் பகுதியில் அவனுக்கு வேலை. உள்ளே நுழைகிறவர்கள் எல்லாரும் தலையில் வெள்ளை வலைத்தொப்பி போட்டாக வேண்டும். வெளியே வந்தால் கம்பளித்தொப்பி. மலைமேல் யாரும் அதை ஏன் என்று கேட்பதில்லை. குளிரும் ஊரில் பிறந்ததற்காக அவன் சாமிக்கு நன்றி சொன்னது இந்த ஒரு காரணத்துக்காகத்தான். ஆனால் கல்யாண மண்டபத்துக்குக் கம்பளித்தொப்பியோடு போக முடியுமா? அதனால் கல்யாணங்களுக்குப் போவதையே விட்டுவிட்டான்.

அப்பாவும் அம்மாவும் தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்று, அண்ணன் வீட்டோடு இருக்கத் தைப்பிங்குக்குப் போய்விட்டார்கள். உதயன் அக்கா வாணியின் வீட்டில் தங்கியிருந்தான். அக்காவின் கணவர் ரெங்கசாமிக்குக் காய்கறி லோரி ஓட்டும் வேலை. முட்டைக்கோசும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு விடியற்காலை ஐந்து மணிக்குக் கீழே ஈப்போ நகரத்துக்கு இறங்குவார். முப்பத்தெட்டு வயது, பெரிய உடம்பு, தலையில் ஒரு முடிகூட இல்லை. மைத்துனர்கள் இருவரும் ஒரே வீட்டில் இருந்தும் அதிகம் பேசிக்கொண்டதில்லை. "சாப்பிட்டியா?" என்பார் அவர். "ஆச்சு மச்சான்" என்பான் இவன். அதோடு சரி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உதயன் கைத்தொலைபேசியில் பார்த்த ஓர் எண்ணெயை வரவழைத்துத் தேய்த்தான். மூன்று வாரத்தில் முடி நிச்சயம் என்று விளம்பரம் சொன்னது. மூன்றாம் நாளே உச்சந்தலை கொப்பளித்து நீர் கோத்துக்கொண்டது. வலைத்தொப்பி பட்டாலே உயிர் போனது. காய்ச்சல் என்று சொல்லி விடுப்பு எடுத்துக்கொண்டு அறைக்குள் படுத்துக் கிடந்தவனை, மதியம் வேலை முடிந்து வந்த ரெங்கசாமி பார்த்துவிட்டார். தலையில் துண்டு சுற்றியிருந்தது. துண்டில் மஞ்சளாகக் கறை.

"துண்ட எடு" என்றார்.

"ஒண்ணும் இல்ல மச்சான்."

"எடுடா."

எடுத்தான். அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, தன் தலையைச் சாய்த்து, காதுக்கு மேலே ஓரிடத்தைத் தொட்டுக் காட்டினார். அங்கே வழவழப்பாகப் பழைய தழும்பு ஒன்று இருந்தது.

"இருபத்தி நாலு வயசுல எனக்கும் கொட்டுச்சு. பசார் மாலாம் ராத்திரிச் சந்தையில ஒருத்தன் எண்ணெய் வித்தான். வாங்கித் தேச்சேன். இது அந்தக் கொப்புளம்தான். உங்க அக்காவுக்கே தெரியாது."

எழுந்து சட்டைப் பையிலிருந்து ஒரு தாள் துண்டை எடுத்து நீட்டினார். ஈப்போவில் அவர் காய்கறி இறக்கும் இடங்களில் ஒரு மருத்துவமனைச் சமையற்கூடமும் உண்டு. அதற்குப் பக்கத்து அறிவிப்புப் பலகையில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்ததாம். முடி கொட்டும் இளைஞர்கள் தேவை, புது மருந்து ஒன்றைச் சோதிக்கிறோம் என்று. அடியில் தொலைபேசி எண் எழுதிய நறுக்குகள் தொங்க, ஒன்றைக் கிழித்துவந்து நான்கு நாளாகச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார்.

"எப்படிக் கேக்குறதுன்னு தெரியாம இருந்தேன்லா" என்றார்.

கொப்புளம் ஆறியதும் இருவரும் லோரியில் அந்த மருத்துவமனைக்குப் போனார்கள். தோல் மருத்துவர் நளினிக்கு நாற்பது வயதிருக்கும். உதயன் தொப்பியைக் கழற்றத் தயங்கியபோது அவர் வேறு பக்கம் திரும்பி ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். கழற்றி முடித்த பிறகுதான் பார்த்தார். அதை உதயன் கவனித்தான்.

"இது ஆம்பளைங்களுக்குப் பரம்பரையா வர்றது. நீங்க ஏதும் தப்பு பண்ணல. தண்ணி, ஷாம்பு, தொப்பி எதுவும் காரணமில்ல" என்றார். அதற்கே உதயனுக்குப் பாதி பாரம் இறங்கிய மாதிரி இருந்தது.

பிறகு நிதானமாக விளக்கினார். ஏற்கெனவே மருந்துகள் இருக்கின்றன. வேண்டுமானால் இன்றே எழுதித் தருவார், ஆராய்ச்சியில் சேரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சேர்ந்தால் ஒரு வருடம் தினமும் இரண்டு வேளை உச்சந்தலையில் சொட்டு மருந்து விட வேண்டும். பாதிப் பேருக்குப் புது மருந்து, பாதிப் பேருக்கு மருந்து கலக்காத நீர். இரண்டும் ஒரே மாதிரிப் புட்டியில் வரும்.

"எந்தப் புட்டி யாருக்குன்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. ஒரு வருஷம் கழிச்சுத்தான் பிரிச்சுப் பாப்போம். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

உதயன் காதில் புது மருந்து என்ற சொல் மட்டும்தான் விழுந்தது. கையெழுத்துப் போட்டான். உச்சியில் சிறிய வட்டமாக முடியை ஒட்டக் கத்தரித்து, நடுவில் எறும்பின் தலையளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளியைப் பச்சை குத்தினார்கள். ஒவ்வொரு முறையும் அதே இடத்தைப் படமெடுத்து முடியை எண்ணுவதற்கு அதுதான் அடையாளம்.

"சொட்டு இந்த இடத்துல சரியா விழணும். நீங்களே பாத்துப் போட முடியாது. வீட்டுல யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார் மருத்துவர்.

"நான் இருக்கேன் டாக்டர்" என்று வாசலிலிருந்து குரல் வந்தது. ரெங்கசாமி முட்டைக்கோசு வாசனையோடு நின்றிருந்தார்.

அன்று தொடங்கியது. ரெங்கசாமி லோரி எடுக்கப் போகுமுன் விடியற்காலையில் ஒரு முறை, மாலை ஏழு மணிக்கு ஒரு முறை. சோப்புப் போட்டு இரண்டு தடவை கை கழுவுவார், கையுறை மாட்டுவார், மூச்சைப் பிடித்துக்கொண்டு சொட்டு விடுவார். மூன்று டன் லோரியை மலை வளைவில் ஒற்றைக் கையால் திருப்புகிறவருக்கு, அந்தச் சின்னக் குழாயைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது.

"நம்ம புள்ளைக்குப் போலியோ சொட்டு விட்டப்பகூட இந்த மனுஷன் இவ்வளவு பயப்படலடா" என்று வாணி சிரிப்பாள்.

மருந்து காயும்வரை பத்து நிமிடம் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். சும்மா எப்படி உட்கார்ந்திருப்பது? பேச ஆரம்பித்தார்கள். லோரி பிரேக், தக்காளி விலை, தொழிற்சாலையில் புதிதாக வந்த இயந்திரம். அப்புறம் வேறு பேச்சும் வந்தது. வாணியைப் பெண் பார்க்க வந்தபோது ரெங்கசாமி தொப்பியைக் கழற்றாமல் சாப்பிட்டாராம். "தொப்பிக்குள்ள என்ன, சட்டினி வெச்சிருக்கீங்களா?" என்று உள்ளேயிருந்து வாணி கேட்டுவிட்டாளாம். அவமானத்தில் எழுந்து போய்விடலாம் என்று நினைத்தவர், அவள் சிரித்த விதத்தைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாராம்.

மாதம் ஒரு முறை ஈப்போ. வேலை நாள் பட்டியல் போடும் தொழிற்சாலைக் கிராணி ராதாகிருஷ்ணன் எதற்கென்று ஒரு வார்த்தை கேட்காமல் அந்த ஒரு நாளை மாற்றிக் கொடுத்துவந்தார். ஏழாவது மாதம் போக வேண்டிய நாளில், வழக்கமாக ஈப்போவுக்கு இறங்கும் சிம்பாங் பூலாய்ச் சாலையில் மண் சரிந்து வழி அடைத்துக்கொண்டது. திரும்பிவிடலாம் என்றான் உதயன். ரெங்கசாமி கேட்கவில்லை. லோரியைத் திருப்பி, பிரிஞ்சாங், தானா ராத்தா வழியாகத் தாப்பாவுக்கு இறங்கி, மலையைச் சுற்றிக்கொண்டு ஈப்போ போய்ச் சேர்ந்தார். பத்து மணிக்குப் போக வேண்டியவர்கள் மதியம் ஒன்றரைக்குப் போனார்கள். மருத்துவர் நளினியும் தாதியும் சாப்பிடப் போகாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

அதற்கு முன்பே, நான்காம் மாதத்தில் ரெங்கசாமி அறிவித்துவிட்டார், "முளைச்சிருக்குடா!" என்று. வாணியும் வந்து பார்த்து, ஆமாம் என்றாள். கண்ணாடியை முன்னும் பின்னும் பிடித்துப் பார்த்ததில் உதயனுக்கும் தெரிந்தது. சீப்பில் வரும் முடியும் குறைந்த மாதிரி இருந்தது. அவன் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வேலைக்குப் போன நாட்கள் அவை.

ஒரு வருடம் முடிந்தது. கடைசிச் சந்திப்பு அன்று ரெங்கசாமி சமையற்கூடத்தில் கூடைகளை இறக்கிக்கொண்டிருந்தார். உதயன் மட்டும் அறைக்குள் போனான். அவனோடு சேர்ந்தவர்களில் யாருக்கு மருந்து, யாருக்கு நீர் என்று அந்த வாரம்தான் பிரித்துப் பார்த்திருந்தார்கள். மருத்துவர் சுற்றி வளைக்கவில்லை.

"உதயன், உங்க புட்டியில இருந்தது மருந்தில்லாத தண்ணி."

முதல் மாதப் படத்தையும் கடைசி மாதப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். கறுப்புப் புள்ளியைச் சுற்றி முடி கூடவில்லை. கொஞ்சம் குறைந்தே இருந்தது. உதயன் படங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏமாந்தது தெரிந்தது. ஆனால் யார் ஏமாற்றினார்கள்? முதல் நாளே அவர் சொன்னதுதானே இது.

மருத்துவர் எழுந்து மேசையைச் சுற்றி வந்து அவன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மருந்து கிடைச்சவங்க சில பேருக்கு வளர்ந்திருக்கு. அது மருந்தாலதான் வளர்ந்துச்சுன்னு எப்படித் தெரியும்? உங்கள மாதிரி ஆளுங்க ஒரு நாள் விடாம வெறும் தண்ணியப் போட்டுக்கிட்டு வந்ததாலதான் தெரியும். மண் சரிஞ்ச அன்னிக்கும் வந்தீங்க. ரொம்ப நன்றி உதயன்."

அவன் வாழ்க்கையில் ஒரு மருத்துவர் அவனுக்கு நன்றி சொன்னது அதுதான் முதல் தடவை. "பரவால்ல டாக்டர்" என்றான். அந்தப் புது மருந்து கடைக்கு எப்போது வரும் என்று கேட்டான். இன்னும் பெரிய சோதனைகள் இருக்கின்றன, பல வருடம் ஆகலாம், வராமலும் போகலாம் என்றார் அவர். அதற்குக் காத்திருக்க வேண்டாம், இன்று இருப்பதைத் தொடங்கலாம். தலையில் தடவும் மினாக்சிடில், அதோடு தினம் ஒரு ஃபினாஸ்டரைட் மாத்திரை. மாத்திரையால் சிலருக்கு உடல் ஆசை குறையலாம், மனம் சோர்ந்துபோகலாம், அப்படி ஏதும் தெரிந்தால் வெட்கப்படாமல் சொல்ல வேண்டும். முதல் சில வாரம் முடி இன்னும் அதிகமாகக் கொட்டும், பயப்படக் கூடாது. போனதெல்லாம் திரும்பாது, இருப்பது நிற்கும். நிறுத்தினால் மறுபடி கொட்டும். ஒவ்வொன்றையும் சொல்லி, அவனைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டார்.

திரும்பும் வழியில், பாதி மலை ஏறிய பிறகு, புட்டியில் இருந்தது வெறும் தண்ணீர் என்று உதயன் சொன்னான். ரெங்கசாமி லோரியை ஓரங்கட்டி நிறுத்தினார்.

"அப்போ ஒரு வருஷமா நான் தண்ணியா ஊத்துனேன்?"

"ஆமா மச்சான்."

"முளைச்சுச்சே. நான் என் கண்ணால பாத்தேனே."

"நானுந்தான் பாத்தேன்."

ரெங்கசாமிக்குச் சிரிப்பு வந்தது. உதயனுக்கும் தொற்றிக்கொண்டது. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள். பிறகு ரெங்கசாமியின் முகம் மாறியது. "நான்தான் உன்ன இழுத்துட்டுப் போனேன். அன்னிக்கே நல்ல மருந்து ஆரம்பிச்சிருந்தா? ஒரு வருஷ முடி போச்சுடா என்னால" என்றார். ஸ்டியரிங்கில் வைத்த கையை எடுக்கவில்லை.

உதயன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தான். சன்னல் வழியாக வந்த காற்று தலையில் சில்லென்று பட்டது.

"மச்சான், நாலு வருஷமா என் தலைய நான் யாருக்கும் காட்டல. அம்மாகிட்டகூடக் காட்டல. தனியா ரூம்ல உக்காந்து கண்ட எண்ணெயத் தேச்சுக்கிட்டு இருந்தேன். நீங்க அன்னிக்கி உள்ள வரலைன்னா இன்னும் அப்படியேதான் இருந்திருப்பேன். புட்டியில என்ன இருந்தா என்ன? நீங்க தெனம் வந்து நின்னீங்கள்ல."

ரெங்கசாமி மூக்கை உறிஞ்சிக்கொண்டு லோரியைக் கிளப்பினார். வீடு வரும்வரை வழக்கத்தைவிட மெதுவாக ஓட்டினார்.

மருத்துவர் சொன்னபடியே முதல் மாதம் கொத்துக் கொத்தாகக் கொட்டியது. உதயன் பயந்தான், ஆனாலும் விடவில்லை. ஆறாம் மாதம் கொட்டுவது நின்றது. ஒன்பதாம் மாதப் படத்தில் உச்சியில் முடி கூடியிருந்தது, எண்ணிச் சொன்னார்கள். இந்த முறை படம் வரும்வரை வீட்டில் ஒருவரும் முளைத்திருக்கிறது என்று அறிவிக்கவில்லை. நெற்றி ஓரங்கள் மட்டும் போனது போனதுதான். அவனுக்கு அது போதுமானதாக இருந்தது. மாத்திரையால் தொந்தரவு ஏதும் வரவில்லை.

அந்த வருடக் கடைசியில் தொழிற்சாலை நண்பன் விஜயனுக்குத் தானா ராத்தாவில் கல்யாணம். உதயன் தலையைச் சீவிக்கொண்டு போனான். "என்னடா, நெத்தி ஏறிப்போச்சு?" என்று ஒருவன் கேட்டான். "ஆமாலா, ஏறிப்போச்சு" என்று சொல்லிவிட்டு வாழையிலையில் கவனமானான்.

சாப்பாட்டுப் பந்தியில் மாப்பிள்ளையும் பெண்ணும் பக்கத்து மேசையில் உட்கார்ந்தார்கள். தாலி கட்டி இரண்டு மணி நேரம் ஆகியும் விஜயன் தலைப்பாகையைக் கழற்றவில்லை. வியர்வை கன்னத்தில் வழிந்தது. பெண்ணின் தம்பி கழற்றிவிட வந்தபோது, வேண்டாம் என்று இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். தொழிற்சாலையில் ஐந்து வருடமாக வலைத்தொப்பிக்கு அடியிலேயே பார்த்த தலை அது. உதயனுக்குப் புரிந்துவிட்டது.

விஜயன் கை கழுவ எழுந்தபோது கூடவே போய்க் குழாயடியில் நின்றான்.

"ஈப்போவுல ஒரு டாக்டர் அம்மா இருக்காங்க. நல்லா பாக்குறாங்க. ஹனிமூன் போய்ட்டு வா, கூட்டிட்டுப் போறேன்."

விஜயன் அவனை ஒரு கணம் உற்றுப் பார்த்தான். பிறகு சுற்றிலும் பார்த்துவிட்டு, தலைப்பாகையை மெல்லத் தூக்கிக் காற்று வாங்கினான்.

"அப்பாடா" என்றான்.