தலை தீபாவளித் தள்ளுபடி

எங்கள் ஊரில் தீபாவளி கிடையாது. சோழவந்தான் பக்கம் கண்மாய்க்கரையில் நிற்கும் எங்கள் சாமி, கண்மாயில் தண்ணீர் நிற்க வேண்டும் என்று ஓர் ஐப்பசி அமாவாசையில் தன் தலையைத் தானே அறுத்துக் கொடுத்தவர். பெயரே தலைகொடுத்தான். அன்று எங்களுக்குத் துக்கம். எண்ணெய்க் குளியல் இல்லை, வெடி இல்லை, அடுப்பு மூட்டுவதில்லை, பழைய சோறுதான்.

இது தெரிந்துதான் தவசி என்னைக் கட்டினார். ஆனாலும் தலை தீபாவளிக்கு மோதிரமும் பட்டு வேட்டியும் வராது என்றதும் மனுஷனுக்கு முகம் தொங்கிவிட்டது. மதுரை காளவாசலில் ராஜகுருவின் ஜவுளிக்கடைக்கு விளம்பரம் எழுதுகிறவர் அவர். ஆடி வந்தால் அம்மனையும் தை வந்தால் காளையையும் இழுத்துவந்து புடவை விற்கிற கடை அது. எங்கப்பா மேலிருந்த கடுப்பில் அந்த வருடம் தவசி எங்கள் சாமியையே இழுத்துவந்துவிட்டார்.

கடை உச்சியில் ஃப்ளெக்ஸ். சாமியின் ஒரு கையில் கழுத்தை அறுக்கிற கத்தி, மறு கையில் கடைப் பை. ‘அன்று தலை கொடுத்தான், இன்று தலை தீபாவளிக்குத் தள்ளுபடி கொடுக்கிறான்’ என்று எழுத்து. எங்கள் சாமிக் கல்லில் முகம் தேய்ந்து போயிருக்கும். அதனால் ராஜகுரு தன் முகத்தையே ஒட்டச் சொல்லிவிட்டார், மூக்குக் கண்ணாடியோடு.

பார்த்ததும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அப்பா விருமாண்டி வந்து அதன் கீழே நின்றபோது சிரிப்பு போய்விட்டது. வீட்டுக்கு வந்தவர் காபியைக்கூடத் தொடவில்லை.

“அந்தப் போர்டு அங்கன இருக்கிற வரைக்கும் நம்ம வாசல்ல கால் வைக்காத தாயி” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போனார்.

அம்மா இல்லாத வீடு. அமாவாசையன்று சாமிக்கு முதல் சோறு வைப்பது என் கைதான். அது இல்லை என்றால் எனக்கு ஊரே இல்லை. தவசி போய்ப் போர்டை எடுக்கச் சொல்லிக் கேட்டதற்கு, கூட்டம் அள்ளுகிறது, சாமியே சும்மா இருக்கும்போது உன் மாமனாருக்கு என்ன வந்தது என்று ராஜகுரு விரட்டிவிட்டார். நான் தவசியோடு சண்டை போட்டுப் பார்த்தேன். பிறகு பேச்சை நிறுத்தினேன். அதுதான் வேலை செய்தது.

தீபாவளிக்கு முதல் நாள், காளவாசலே புடவைப் பையும் ஹாரனுமாக நெரிகிற உச்சி வேளையில், தவசி பிளேடோடு சாரத்தில் ஏறினார். ராஜகுரு கீழே நின்று கத்தக் கத்த, படத்திலிருந்த அவர் தலையை மட்டும் அறுத்து எடுத்தார். போகிற வண்டியெல்லாம் நின்று பார்த்தது. இறங்குவதற்குள் வேலை போய்விட்டது. கூட்டத்தில் நின்ற நான் அண்ணாந்து பார்த்தேன், தலையில்லாத உடம்பு மட்டும் கத்தியோடு நின்றது. அப்போதுதான் அது தலை கொடுத்த எங்கள் சாமி மாதிரி இருந்தது.

மறுநாள் காலையில் ஊருக்குப் போனோம். அப்பா வாசலை மறித்தபடி நின்றார். தவசி அக்குளில் இருந்த ஃப்ளெக்ஸ் சுருளை எடுத்துத் தரையில் விரித்தார். ராஜகுரு கண்ணாடியோடு சிரித்தார். அப்பா குனிந்து அதைப் பார்த்தார்.

“வேலை என்னாச்சு?”

“போயிருச்சு மாமா.”

“ஆக, நீங்களும் தலையக் குடுத்துட்டீக” என்றவர் வழி விட்டார். “உள்ள வாங்க மாப்ள. பழைய சோறுதான் இருக்கு.”

சாமிக்கு முதல் சோறு வைத்தேன். எனக்கு அழுகை வந்தது, சந்தோஷம்தான். அடுத்த கைச் சோற்றைத் தவசியின் தட்டில் வைத்தேன். அவர் வெங்காயம் கேட்டார். எங்கள் ஊரில் தலை தீபாவளி கொண்டாடிய ஒரே மருமகன் அவர்தான்.