கொத்தனார் பூச்சு

அக்காவின் முகத்துக்கு ஒரு டியூப் கிரீம் இருபத்திரண்டு நாள் வரும். கட்டைவிரல் நீளம்தான் இருக்கும். விலை, அவள் சம்பளத்தில் ஆறில் ஒரு பங்கு.

அது அழகுக்காகப் பூசுவதல்ல. அவளுடைய இடது கன்னத்தில், வாயோரத்திலிருந்து காதை நோக்கி, ஒரு வெண்புள்ளி இருந்தது. புள்ளி என்று டாக்டர்தான் சொல்வார். அளவில் அது ஒரு எலுமிச்சை இலை. அக்கா ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசையில் ஆறு வருடமாக வேலை பார்த்தாள். அங்கே ஒருவருக்கும் அந்த இலையைப் பற்றித் தெரியாது. மேசையில் நிற்பவர்களின் முகம் சீராக இருக்க வேண்டும் என்பது வேலைக்குச் சேரும்போது கொடுக்கும் தாளில் மூன்றாவது விதி. அக்கா அதன் கீழே கையெழுத்துப் போட்டிருந்தாள். அந்தச் சம்பளத்தில்தான் வாடகை, அம்மாவின் மாத்திரை, என் படிப்பு எல்லாம் ஓடின.

டியூபை எப்படியாவது முப்பது நாள் ஓட்டிவிட வேண்டும் என்பது எங்கள் வீட்டின் நெடுநாள் ஆராய்ச்சி. பிதுக்கி முடிந்ததும் கத்தரிக்கோலால் வெட்டி, உள்ளே ஒட்டியிருப்பதைக் காது குடையும் பஞ்சுக்குச்சியால் வழித்தால் நான்கு நாள் வரும். பிரஷ் பாதியைக் குடித்துவிடுகிறது என்று விரலுக்கு மாறினாள். முடியை இடப்பக்கம் இறக்கி வாரினால் இலையின் நுனி மறையும். அந்த அளவுக்கு மிச்சம். லீவு நாளில் பூச மாட்டாள். யாராவது கதவைத் தட்டினால் குளியலறைக்குள் போய்விடுவாள். ஒரு முறை விலை குறைந்த டியூப் ஒன்றை வாங்கினோம். மதியம் மூன்று மணிக்கு அது சாம்பல் நிறமாகிவிட்டது. பல்வலி என்று சொல்லி, மாலை வரை கன்னத்தில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு நின்றாளாம். சட்டை கசங்காததால் ஹோட்டல் ஊழியர்கள் இஸ்திரி என்று பெயர் வைத்திருந்த மேலாளர், இரக்கப்பட்டு வலி மாத்திரை கொடுத்தாராம். அவர் எதிரிலேயே அதை விழுங்க வேண்டியதாகிவிட்டது என்று சொல்லிச் சிரித்தாள்.

நான் வேதியியல் படித்தவள். படிப்புக்கேற்ற வேலை கிடைக்கவில்லை. நேர்காணலில் என் குரல் எனக்கே கேட்காது. ஒரு டியூஷன் சென்டரில் விடைத்தாள் திருத்துகிறேன். அதற்கு வாயைத் திறக்க வேண்டியதில்லை.

ஒரு நாள் அந்த டியூப் பெட்டியின் பின்புறம் இருந்த பொடி எழுத்தைப் படித்தேன். மறைப்பதற்கு ஒரு வெள்ளைப் பொடி. நிறத்துக்குச் சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று மூன்று இரும்புப் பொடிகள். மெழுகு, எண்ணெய், தண்ணீர். கெட்டுப்போகாமல் காக்க ஒரு மருந்து. இதில் தங்கம் ஒன்றும் இல்லை என்று தோன்றியது.

நிறத்தைப் பிடிக்க மூன்று வாரம் ஆனது. ஹோட்டல் முகப்பில் வெள்ளை விளக்கு, வாசல் பக்கம் வெயில். இரண்டிலும் ஒன்றுபோல் தெரிய வேண்டும். அக்காவை ஜன்னலோரம் உட்கார வைத்துக் கழுத்தில் கோடு கோடாகப் பூசிப் பார்த்தேன். கறுப்பு ஒரு சிட்டிகை கூடினால் பிணம்போல் இருக்கும். மஞ்சள் கூடினால் மஞ்சள் காமாலை. பதினேழாவது கோடு கண்ணில் படவில்லை. விரலால் தடவித்தான் அது எங்கே என்று தெரிந்தது. அம்மா மாத்திரையை விழுங்க மறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு டியூப் விலையில் ஏழு மாதத்துக்கு ஆகும் கிரீம். காலையில் நானே பூசிவிட்டேன். அக்கா எனக்குக் கொத்தனார் என்று பெயர் வைத்தாள். ஐந்தே முக்காலுக்கு நாற்காலியை ஜன்னலருகே இழுத்துப் போட்டுக்கொண்டு குரல் கொடுப்பாள்.

"கொத்தனாரே, சுவரு காத்திருக்கு."

நாற்பது நிமிடம் ஆகும். அந்த நாற்பது நிமிடத்தில் நான் பேசியதுதான் அன்றைக்கு நான் பேசிய பேச்சு.

முதல் மூன்று தடவை செய்ததில் எந்தக் குறையும் இல்லை. கெட்டுப்போகாமல் காக்கும் மருந்து ஒரு கிராம் பொட்டலங்களாகக் கிடைத்தது. இருநூறு கிராம் கிரீமுக்கு இரண்டு பொட்டலம். பிரித்துக் கொட்ட வேண்டியதுதான். நான்காவது தடவைதான் கடைக்காரர், பொட்டலமாக வாங்கினால் கட்டுப்படியாகாது, ஐம்பது கிராம் டப்பா பாதி விலைக்கு வரும் என்றார். அதையும் மிச்சம் பிடித்தேன்.

எங்கள் வீட்டில் சமையலறைத் தராசு ஒன்று உண்டு. எண் காட்டும் தராசு. காகிதத்தை வைத்துப் பூஜ்யமாக்கிவிட்டுப் பொடியைப் போட்டேன். கல்லூரி ஆய்வகத்தில் கற்றபடிதான் போட்டேன். கரண்டியின் நுனியில் கொஞ்சம் எடுத்து, ஆள்காட்டி விரலால் தட்டித் தட்டி, துகள் துகளாக. வகுப்பில் அந்த வேலைக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். உன் கைக்கு அவசரமே தெரியாதா என்று ஆய்வகப் பொறுப்பாளர் ஒரு முறை கேட்டார். நான் வாங்கிய பாராட்டு அது ஒன்றுதான்.

வெகுநேரம் பூஜ்யமே இருந்தது. லேசான பொடி என்று பொறுமையாகத் தட்டினேன். கடைசியில் கை வலித்து ஒரு கட்டி விழுந்தது. ஒன்று என்று காட்டியது. பிறகு இரண்டு. நிறுத்திவிட்டேன். டப்பாவில் பொடி இறங்கியிருந்ததைக் கவனிக்கத்தான் செய்தேன். புதுப் பொடி, அடங்கியிருக்கும் என்று நினைத்தேன்.

அந்தக் கிரீமைப் பூச ஆரம்பித்த மூன்றாம் நாள் கன்னம் எரிகிறது என்றாள் அக்கா. ஹோட்டலில் புது சோப்பு வைத்திருக்கிறார்கள், அதுவாக இருக்கும் என்று அவளே காரணமும் சொன்னாள். நானும் நம்பினேன். பூசாமல் போக முடியாது. ஒன்பது நாள் பூசினேன். எரிந்ததை மூடவும் அதையேதான் பூசினேன். சிவப்பு தெரியக்கூடாது என்று இன்னும் கொஞ்சம் தடிமனாக, தாடை வரை. பத்தாம் நாள் காலையில் அவள் கன்னம் கொப்புளம் கட்டியிருந்தது. கண் பாதி மூடியிருந்தது.

டாக்டர் ஆறு வாரத்துக்கு எதையுமே பூசக்கூடாது என்றார். அக்காவை வெளியே அனுப்பிவிட்டு என்னிடம் பேசினார். இந்த நோய் உள்ளவர்களுக்கு இப்படிக் காயம் பட்டால், அது ஆறும்போது அந்த இடமும் வெளுத்துவிடலாம். இது எல்லாருக்கும் தெரிய வேண்டிய விஷயமாச்சே, நீ அறிவியல் படித்த பெண்தானே என்றார். தலையை ஆட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று தெரியவில்லை.

ஆறு வாரத்தில் புண் ஆறியது. இலை போய், கன்னம் முழுவதும், தாடையின் விளிம்பு வரை வெளுத்தது. நான் எங்கெல்லாம் பூசினேனோ அங்கெல்லாம். விளிம்புகூட என் விரல் போன வழியில்தான் போனது.

முதல் இரண்டு வாரம் லீவு. அதன்பிறகு சளி என்று முகக்கவசம் போட்டுக்கொண்டு போனாள். ஒரு நாள் இஸ்திரி அவளை அறைக்குக் கூப்பிட்டு அதைக் கழற்றச் சொன்னார். கோபமெல்லாம் படவில்லையாம். கதவைச் சாத்திவிட்டு, முன்னாடியே சொல்லியிருக்கலாமே என்று மட்டும் கேட்டாராம். மறுநாளிலிருந்து அடித்தளத்தில் சலவைப் பிரிவு. விரிப்பும் துண்டும் எண்ணி மாடிகளுக்குப் பிரித்து அனுப்பும் வேலை. சம்பளம் முக்கால்வாசி. கொஞ்ச நாளைக்குத்தான் என்றார்கள். அடுத்த வாரமே மேசைக்குப் புதுப் பெண் வந்துவிட்டாள். நல்ல பெண் என்றாள் அக்கா. விருந்தினர் பதிவேட்டை எப்படி எழுதுவது என்று இவளிடமே வந்து கற்றுக்கொண்டு போனாளாம்.

பழைய டியூபையே வாங்குவோம் என்றேன். டாக்டர் இன்னும் ஒரு வருடத்துக்கு எதையும் தொடாதே என்று சொல்லிவிட்டார். அப்படியே தொட்டாலும் இப்போது ஒரு டியூப் ஐந்து நாள்தான் வரும். கணக்குப் போட்டுப் பார்த்தது அக்காதான்.

அவள் யாரையும் குறை சொல்லவில்லை. பார்க்க வந்த சித்தியிடம், கிரீமெல்லாம் நல்ல கிரீம்தான் சித்தி, மூணு தடவை பூசினேனே, என் தோலு அப்படி என்றாள். தினமும் யாரிடமாவது அதைச் சொன்னாள். என் உடம்புக்கு நல்லதே ஒத்துக்காது என்றாள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது சுலபமாக இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை காலை அம்மாவுக்கு உப்பு அளந்து கொடுக்க வேண்டியிருந்தது. ரத்த அழுத்தத்துக்காக ஒரு நாளைக்கு இத்தனை கிராம்தான் என்று சொல்லியிருந்தார்கள். தராசில் காகிதத்தை வைத்துத் தட்டித் தட்டிப் போட்டேன். பூஜ்யம். இன்னும் தட்டினேன். பூஜ்யம். காகிதத்தில் ஒரு சின்னக் குன்று எழும்பியிருந்தது. எண் அசையவில்லை. அந்த உப்பைக் கிண்ணத்தில் கொட்டி, காகிதத்தைத் திரும்ப வைத்துப் பூஜ்யமாக்கி, கிண்ணத்திலிருந்ததை ஒரே கொட்டாகக் கொட்டினேன். எட்டு.

தராசு வந்த அட்டைப்பெட்டி பரண்மேல் கிடந்தது. உள்ளே மடித்த தாள். சிறுகச் சிறுகச் சேர்க்கும் எடையை இந்தக் கருவி அசைவாக எண்ணிப் பூஜ்யத்திலேயே நிற்கும், எனவே மொத்தமாக வைக்கவும் என்று ஒன்பதாவது வரியில் இருந்தது. டியூப் பெட்டியின் பொடி எழுத்தை ஒன்று விடாமல் படித்த நான் இதைப் படிக்கவில்லை. தராசில் எடை போட எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

மருந்து டப்பாவை எடுத்து ஒரு கிண்ணத்தில் மொத்தமாகக் கவிழ்த்து நிறுத்தேன். ஐம்பது இருந்த டப்பாவில் முப்பத்தொன்பது. நான் ஒரே ஒரு தடவைதான் அதிலிருந்து எடுத்திருக்கிறேன். இரண்டு போட வேண்டிய இடத்தில் பதினொன்று.

அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து தன் சீருடைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். சலவைப் பிரிவின் சீருடை சாம்பல் நிறம். நான் தராசையும் தாளையும் உப்பையும் கொண்டுபோய் அவள் முன்னால் வைத்து, செய்தும் காட்டினேன். பேச்சு வராது என்று பயந்தேன். வந்தது.

"தராசு மேலயும் தப்பில்லக்கா. நான் போட்ட விதம்தான். மெதுவா போட்டா அதுக்குத் தெரியாது."

அவள் பூஜ்யத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ என் தோலு இல்லையா?"

"இல்ல."

நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். பட்டனை இழுத்துப் பார்த்தாள். உறுதியாக இருந்தது.

"நீ சொல்லாமலே இருந்திருக்கலாம்டி" என்றாள். "என் உடம்பைத் திட்டுறது எனக்குப் பழக்கம். சின்ன வயசுலேர்ந்து திட்டுறேன். உன்னை எப்படித் திட்டுறதுன்னு எனக்குத் தெரியல."

அழுதிருந்தால் எனக்கு ஏதாவது செய்யக் கிடைத்திருக்கும். அவள் அடுத்த பட்டனை எடுத்து ஊசியில் கோத்தாள். உப்பை எடுத்து வை, ஈரம் பட்டுடும் என்றாள். அம்மா உள்ளேயிருந்து என்னடி அங்கே என்று கேட்டாள். ஒண்ணுமில்லம்மா, எடை போட்டுப் பார்க்கிறா என்று அக்காவே பதில் சொன்னாள்.

மறுநாள் ஐந்தே முக்காலுக்கு எனக்கு விழிப்பு வந்துவிட்டது. நாற்காலி சுவரோரம் இருந்தது. அக்கா குழாயடியில் முகம் கழுவி, துண்டால் ஒரு ஒற்று ஒற்றி, முடியை இறுக்கிக் கட்டினாள். இடப்பக்கம் இறக்கி வாருவதை எப்போது விட்டாள் என்று நான் கவனிக்கவில்லை. மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.

"இப்பல்லாம் சீக்கிரம் கிளம்பிடுறே" என்றாள் அம்மா, தூக்கக் கலக்கத்தில்.

"ஆமாம்மா. நேரமும் மிச்சம், காசும் மிச்சம்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். என் பக்கம் திரும்பவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். ஜன்னலிலிருந்து பார்த்தேன். ஹோட்டலின் முன்வாசல் தெரு முனையில் நேராக இருக்கிறது. அவள் பாதியிலேயே இடப்பக்கம், சலவை வண்டிகள் போகும் சந்துக்குள் திரும்பினாள்.

கிண்ணத்தில் முப்பத்தொன்பது கிராம் இருக்கிறது. சாக்கடையில் கொட்டக் கூடாத பொருள். எங்கே கொட்டுவது என்று தெரியாமல் மூடி வைத்திருக்கிறேன்.