பூக்கட்டி வாங்கிய சம்மதம்

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது யாதெனில்: 1943ஆம் வருஷம் ஆடி மாதம், அரியலூருக்குக் கிழக்கே ஒரு மாரியம்மன் கோயில் வாசலில், மனித குலத்தின் நன்மையைக் கருதி நியாயக் கமிட்டி என்ற ஒன்று கூடிற்று.

தலைவர் மிராசுதார் பஞ்சநாதன். வெள்ளைக்கார சர்க்கார் தரும் ராவ் சாகிப் பட்டத்துக்கு ஒரு மாத்திரை தூரத்தில் நின்றுகொண்டிருந்தவர். வக்கீல் வைத்திலிங்கமும் ஹெட்மாஸ்டரும் அவர் தலையாட்டும்போது கூட ஆட்டுவதற்கு வந்திருந்தார்கள்.

மாத்திரை, பட்டணத்து டாக்டர் அமிர்தநாதன் கொண்டுவந்தது. மலேரியா என்கிற முறைக்காய்ச்சலுக்குப் புது மருந்து. எலிகள் பிழைத்துவிட்டன, இனி மனிதர்கள்தான் பாக்கி. பார்வை மங்கினாலும் மங்கலாம் என்று டாக்டருக்கே சந்தேகம். அதனால், "விஷயத்தைச் சொல்லி ஜனங்களோட சம்மதத்தை வாங்கிக் குடுங்க" என்று கமிட்டியிடம் கேட்டிருந்தார்.

ஜனங்களைக் கேட்பதாவது! கமிட்டி நேரே அம்மனையே கேட்டது. பூக்கட்டிப் பார்த்தார்கள். வெள்ளைப் பூ வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் வேண்டாம். இரண்டு பொட்டலத்தில் ஒன்றைப் பூசாரி எடுத்துப் பிரித்தார். வெள்ளை.

"ஆத்தா உத்தரவு குடுத்துட்டா! காய்ச்சக்காரப் புள்ளைங்கள வரிசையா உக்கார வைங்க" என்றார் மிராசுதார்.

வரிசையில் முதல் ஆள் முத்தாயி, அவர் வயலில் நடவு நடுகிறவள். மடியில் மகன் கொளஞ்சி அனலாய்க் கொதித்தான்.

"ஆத்தா சொன்னா சரிதாங்க. அந்தச் செவப்புப் பூவையும் கண்ணுல ஒத்திக்கிறேன்."

"அது எதுக்குடி இப்ப?"

"அதுவும் ஆத்தா பூதானுங்களே."

மிராசுதார் கை நீட்டுவதற்குள் மற்றப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்துவிட்டாள். அதிலும் வெள்ளை.

ஹெட்மாஸ்டர் வேப்பமரத்தை அண்ணாந்து பார்த்தார். வக்கீல் தன் செருப்பைத் தேடத் தொடங்கினார். "பூக்காரி மாத்திக் கட்டிட்டா" என்ற மிராசுதார், சொன்ன வாயைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

டாக்டருக்குக் காதுவரை சுட்டது. இத்தனை நேரமும் எதிரே இருந்தவளிடம் தானும் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவள் முன்னால் குந்தி, கண்ணைப் பற்றிய சந்தேகத்தையும் சொன்னார். "என்னம்மா, குடுக்கலாமா?"

"வேணாங்க." கொளஞ்சியைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள். "இத என்னையவே கேட்டிருந்தா ரெண்டு மொழம் பூவாச்சும் மிச்சமாயிருக்குங்க."

அவள் பின்னால் வரிசையே எழுந்து போயிற்று. கமிட்டி குனிந்த தலையோடு வண்டி ஏறியது. டாக்டரின் தலை எல்லோரையும்விடத் தாழ்ந்திருந்தது.

மறுநாள் அவர் அடுத்த ஊருக்குப் போனார். அங்கே கமிட்டி கிடையாது. யாரையும் கேட்காமல் மாத்திரையைக் கொடுத்தார்.