ஏழாம் கட்டம்

எங்கள் குடும்பத்தின் முதல் முனைவர் என் மகள். அவள் பட்டம் வாங்கி வந்த வாரமே வாசற்கதவின் பக்கத்தில் ஒரு பித்தளைப் பலகை மாட்டினேன். அதில் என் பெயரை விட அவள் பெயர் பெரிது. அவள் பெயரை விட அதன் முன்னால் இருக்கும் 'முனைவர்' பெரிது.

"தெருமுனையில இருந்தே தெரியுதுப்பா. கொஞ்சம் சின்னதாப் போட்டிருக்கலாம்ல?" என்றாள்.

"தெரியட்டும்னுதான் போட்டேன்" என்றேன்.

அவள் ஆராய்ந்தது சோப்பு நுரை. நுரைக் குமிழிகள் எவ்வளவு நேரம் உடையாமல் நிற்கும், ஏன் உடைகின்றன என்பதை ஆறு வருடம் குடுவைகளில் பார்த்து எழுதினாள். எதிர்வீட்டுத் தையல்காரர் இதைக் கேட்டுவிட்டு, "ஆறு வருஷம் நுரையைப் பார்த்ததுக்குப் பட்டமா சார்? எங்க வீட்டுக்காரி இருபது வருஷமாப் பார்க்கறா, ஒருத்தரும் கூப்பிட்டு மாலை போடலையே!" என்றார். மூன்று மாதம் என் சட்டைகளை வேறு கடையில் தைக்கக் கொடுத்தேன். அளவு சரியாக வரவில்லை என்பது வேறு விஷயம்.

பட்டம் வந்தது. வேலைதான் வரவில்லை. கல்லூரிகளில் மணிக்கணக்கில் சம்பளம் தரும் வேலை இருந்தது, நிரந்தர வேலை இல்லை. கம்பெனிகளில் அவள் விண்ணப்பத்தைப் பார்த்ததும் மரியாதையாக எழுந்து நின்று அனுப்பி வைத்தார்கள். இவ்வளவு படித்தவருக்கு ஏற்ற இடம் இங்கே இல்லையாம். இப்படிப் பதினொரு இடம். இரண்டு வருடமாகப் பின்னறையில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். யாராவது விசாரித்தால், "நல்ல இடமாப் பார்த்துக்கிட்டிருக்கா" என்று நான் முந்திக்கொண்டு பதில் சொல்வேன்.

பன்னிரண்டாவது விண்ணப்பம் ஒரு சோப்புத் தொழிற்சாலைக்கு. பரிசோதனைக் கூடத்தில் ஒரு வேலை. இந்தக் காலத்திலும் கையால் நிரப்பிய படிவம் கேட்கும் கம்பெனி அது. அதனாலேயே அதன்மேல் எனக்கு ஒரு மதிப்பு இருந்தது.

"ஒட்டி, போஸ்ட்ல போட்டுடுங்கப்பா" என்று உறையைக் கொடுத்துவிட்டு வகுப்பெடுக்கப் போய்விட்டாள்.

நான் முப்பத்தொரு வருடம் அரசு அலுவலகத்தில் விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் பிரிவில் இருந்தவன். கடைசி ஒன்பது வருடம் பிரிவின் தலைவன். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் சிவப்புப் பென்சிலால் சுழித்து, 'குறை நிவர்த்தி செய்து மீள அனுப்பவும்' என்று சீட்டுக் குத்தித் திருப்பி அனுப்புவோம். திறந்த உறையைப் பார்க்காமல் ஒட்ட என் கைக்குத் தெரியாது. பார்த்தேன். ஏழாம் கட்டம்: 'உயர்ந்தபட்சக் கல்வித் தகுதி.' அதில் முதுகலை மட்டும் எழுதியிருந்தாள். முனைவர் பட்டம் இல்லை. அந்த ஆறு வருடத்துக்கு நேரே, 'வீட்டுப் பொறுப்புகள்' என்று இருந்தது.

அவசரத்தில் விட்டிருக்கிறாள் என்று நினைத்தேன். வீட்டுப் பொறுப்புகளாம்! ஒரு டம்ளர் கழுவ விட்டிருப்போமா அந்த ஆறு வருடத்தில்? அந்த வரியை ஒரே கோடாக அடித்து, பட்டத்தையும் பல்கலைக்கழகத்தையும் ஆண்டையும் அழகாக எழுதினேன். பட்டச் சான்றிதழின் நகல் ஒன்றையும் இணைத்தேன். உறையை ஒட்டி, தபால்பெட்டியில் போட்டு, உள்ளே விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் நகர்ந்தேன்.

இரவு சாப்பிடும்போது மனைவியிடம் சொன்னேன். பாராட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது.

"அய்யய்யோ! அவ மறந்து விடலைங்க. வேணும்னே விட்டா."

"வேணும்னேவா? எதுக்கு?"

"அதைப் பார்த்துத்தானே பதினொரு பேரும் வேணாம்னாங்க? இந்த ஒரு தடவையாவது மறைச்சுப் பார்க்கலாம்னு இருந்தா."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா விட்டிருப்பீங்களா?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "மறுபடியும் கையில ஒரு குடுவையைப் பிடிச்சாப் போதும்மான்னு சொன்னா அவ" என்றாள்.

தட்டைத் தள்ளி வைத்தேன். பின்னறையில் என் மகள் பின்னத்தைப் பின்னத்தால் வகுப்பது எப்படி என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

இரண்டு நாள் கழித்து, இஸ்திரி போட்ட சட்டை அணிந்து, பஸ் பிடித்துத் தொழிற்சாலைக்குப் போனேன். வாசலிலேயே சோப்பு மணம். விண்ணப்பங்கள் வாங்கும் கவுண்டரில், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒரு குமாஸ்தா இருந்தார். என் மகள் பெயரைச் சொல்லி, அந்தப் படிவத்தோடு இணைத்த சான்றிதழ் நகலை எடுத்துவிட வேண்டும், ஒரு வரியை அடித்துவிட வேண்டும் என்றேன்.

"உள்ள வந்த காகிதத்தை வெளிய எடுக்க முடியாது சார்."

இதே வாக்கியத்தை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! எதிர்ப்பக்கத்தில் நின்று கேட்பது அன்றுதான் முதல் தடவை.

"நியாயம்தான். இதுக்கு என்ன வழி?"

"காரணத்தோட ஒரு கடிதம் எழுதிக் குடுங்க. பரிசோதனைக் கூடத் தலைவர் அம்மாகிட்ட காட்டறேன். அந்த பெஞ்ச்ல உட்காருங்க."

உட்காரவில்லை. நின்றபடியே எழுத ஆரம்பித்தேன். 'அந்தப் பட்டம் தவறுதலாகக் குறிக்கப்பட்டது' என்று ஒரு வரி போட்டால் காரியம் முடிந்துவிடும். பேனா ஓடவில்லை. என் மகளின் ஆறு வருடத்தைத் தவறு என்று நானே எப்படி எழுதுவேன்? அந்தத் தாளைக் கிழித்துவிட்டு இப்படி எழுதினேன்: 'ஏழாம் கட்டத்தில் உள்ள கையெழுத்து என் மகளுடையது அல்ல, என்னுடையது. அவள் அறியாமல் எழுதினேன். எழுதியது உண்மை. எழுதியது தவறு. அதற்காக அவளைத் தள்ளிவிட வேண்டாம்.' கடைசி வரியை எழுதும்போது காது சூடாகிவிட்டது. நான் யாரிடமும் 'வேண்டாம்' என்று கேட்டு எழுதியவன் அல்ல.

குமாஸ்தா கடிதத்தைப் படித்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். உள்ளே எடுத்துப் போனார். நாற்பது நிமிடம் ஆயிற்று.

கூடத் தலைவரே வெளியே வந்தார், வெள்ளைக் கோட்டின் கையை மடித்துவிட்ட ஒரு நடுவயதுப் பெண். கையில் படிவம்.

"நீங்கதான் ஏழாம் கட்டமா?"

"ஆமாம்மா."

"நுரை ஏன் உடையுதுன்னு உங்க பொண்ணு கண்டுபிடிச்சாங்களா?"

"குமிழிகளுக்கு நடுவுல இருக்கிற தண்ணி கீழே வடியுது. வடிய வடிய குமிழியோட சுவர் மெலியுது. மெலிஞ்சதும் உடையுது. நூத்திப் பன்னிரண்டாம் பக்கம், நாலாவது அட்டவணை. அட்டவணைக்கு நம்பர் தப்பா இருந்தது, நான்தான் திருத்தினேன்."

"ஆய்வேடு முழுசும் படிச்சீங்களா!"

"சரிபார்த்தேன். அறுபத்தொரு பிழை. புரிஞ்சது மூணு பக்கம்."

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "ஒரு குடுவை முன்னாடி எவ்வளவு நேரம் உட்காருவாங்க?"

"ஒரு நாள் பதினொரு மணி நேரம். கொண்டுபோன சாப்பாடு அப்படியே திரும்பி வந்தது. அவங்க அம்மாகிட்ட வாங்கின திட்டுல, குடுவையில இருந்ததைவிட அதிக நுரை."

"பெரிய படிப்பு படிச்சவங்க நிலைக்க மாட்டாங்கன்னு எங்க மேனேஜர் சொல்வார். அதனால சின்னப் படிப்பாப் பார்த்து எடுத்தோம். ஒரே வருஷத்துல மூணு பேர் போயிட்டாங்க. நுரையைப் பார்த்துக்கிட்டே இருக்கச் சலிப்பா இருக்காம்." படிவத்தை மடித்து உறைக்குள் வைத்தார். "இது இப்படியே இருக்கட்டும். வியாழக்கிழமை உங்க பொண்ணை வரச் சொல்லுங்க. பேசிப் பார்க்கறேன். எடுப்பேன்னு இப்ப சொல்லல."

"சரிம்மா."

"நீங்க கூட வர வேணாம்."

வீட்டுக்கு வந்து மகளிடம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் முகம் சிவந்தது.

"என் பேப்பர்ல நீங்க எப்படிப்பா கை வைக்கலாம்? மறைக்கறது எனக்கு மட்டும் சந்தோஷமாவா இருந்தது? ஒவ்வொரு எழுத்தையும் வயித்தெரிச்சலோடதான் எழுதினேன்."

தலையைக் குனிந்துகொண்டேன். அந்த வீட்டில் நான் தலை குனிந்து அவள் பார்த்ததில்லை. "கவுண்டர்ல நின்னீங்களா?" என்று கேட்டாள்.

"நின்னேன்."

"எவ்வளவு நேரம்?"

"நாற்பது நிமிஷம்."

"உட்காரச் சொல்லலையா?"

"சொன்னாங்க. நான் உட்காரல."

"அதானே!" என்றாள். கோபம் இன்னும் இருந்தது, ஆனால் எனக்கு முன்னால் ஒரு டம்ளர் தண்ணீர் வந்தது.

வியாழக்கிழமை தனியாகப் போனாள். நான் வாசலில் பித்தளைப் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுத் தையல்காரர், "சார், அது தேஞ்சு வெறும் பலகையாயிடப் போகுது" என்றார். அன்று அவரிடம் கோபிக்க எனக்கு நேரம் இல்லை.

அடுத்த வாரம் ஓர் உறை வந்தது. வேலையில் சேர்வதற்கான படிவம். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து என் மகள் அதை நிரப்பினாள். ஏழாம் கட்டத்துக்கு வந்ததும் பேனாவை ஒரு கணம் நிறுத்தினாள். பிறகு பட்டத்தை, தன் கையால், கட்டத்துக்கு வெளியே போகாத சிறிய எழுத்தில் எழுதினாள். முடித்ததும் தாளை என் பக்கம் நகர்த்தினாள்.

"சரி பாருங்கப்பா. பார்க்க மட்டும் செய்யுங்க."

சிவப்புப் பென்சிலைச் சட்டைப் பையிலேயே விட்டுவிட்டு, மேலிருந்து கீழே இரண்டு தடவை பார்த்தேன். கையெழுத்துக்குக் கீழே தேதி போடவில்லை. விரலால் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினேன். அவளே போட்டாள்.